வெந்நீர் தெளித்த வாசலும் ஒரு தபால்காரம்மாவும்

விமான நிலையத்தில் சீருடை போட்ட பெண் என் மனைவியின் பெட்டியைத் திறந்தாள். மேலே சாத்தூர் காராச்சேவு இருந்தது, கருப்பட்டி இருந்தது, பேரனுக்கு வசம்பு இருந்தது. அதெல்லாம் போகட்டும். அடியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பொட்டலம் பொட்டலமாகப் பொடி இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுப்புத்தாய் கட்டிவைத்திருந்த கோலப்பொடி.

"இது என்ன?" என்றாள் அந்தப் பெண்.

"வாசலில் படம் போடுகிற பவுடர்" என்றேன். வடநாட்டு வியாபாரிகளிடம் பட்டாசு ஆர்டர் பேசிப் பழகிய இங்கிலீஷ் என்னுடையது. அதில் கோலம் என்ற சரக்கு கிடையாது.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

சொன்னேன். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவள் ஒரு முறை பொடியைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள். இரண்டு பேர் வந்தார்கள், கையுறை போட்டுக்கொண்டு துணியால் துடைத்து எந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் தொழிலில் மருந்து என்றால் வெடிமருந்து. அது சட்டையில் ஒட்டும், நகக்கண்ணில் ஒட்டும், குளித்தாலும் போகாது. அதற்குப் பயந்தே உள்பனியன் வரைக்கும் விருதுநகரில் புதுசாக வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இந்த மகராசி பெட்டிக்குள் பொடியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

சுப்புத்தாய்க்கு ஒன்றும் உறைக்கவில்லை. "ஏங்க, அந்தப் பிள்ளைக்குக் கோலம் பிடிக்கும் போல. எம்புட்டு ஆசையாப் பாக்குது பாருங்க. ஒரு பொட்டலம் குடுத்துருவமா?" என்றாள். வாயை மூடு என்று கண்ணால் சொன்னேன். எந்திரம் எங்களை மன்னித்தது. பொட்டலங்களை ஒழுங்காகத் திருப்பி அடுக்கி, நல்ல நாளாக அமையட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

நாங்கள் போனது, பிள்ளை பெற்றிருந்த மகள் கார்த்திகாவைப் பார்த்துக்கொள்ள. கனடாவில் வின்னிபெக் என்ற ஊர். தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும், சீசன் வேலை தொடங்கும்வரை போர்மேனுக்கும் ஓய்வுதான். தை மாதம் மகன் முத்துராஜுக்கு விருதுநகரில் கல்யாணம். பொங்கலுக்கு முன்னால் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற முடிச்சுகளை அவனுடைய அக்காள்தான் போட வேண்டும். முத்துராஜுக்கு இருப்பது ஒரே அக்காள்.

வின்னிபெக் குளிரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பல் கிட்டுவதைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முதல் நாள் வீட்டுக் கதவின் பிடியைத் தொட்டேன், விரல் நுனியில் சுரீர் என்று ஒரு நெருப்புப் பொறி தெறித்தது. கண்ணால் பார்த்தேன். "அய்யய்யோ!" என்று கத்திக்கொண்டு வெளியே பனிக்குள் ஓடிவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு பொறி என்றால் ஒரு அறை. ஓர் அறை என்றால் எத்தனை பேர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மருமகன் பிரபு என்னைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார். "காத்து காஞ்சு கிடக்குல்ல மாமா, கம்பளிச் சட்டைல உரசி வர்றது. இங்க எல்லாருக்கும் அடிக்கும். ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகாதாம். அன்று முதல் எதைத் தொடுவதற்கு முன்னும் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் தொட்டேன். பேரனைத் தூக்குவதற்கு முன்னும்.

மகள் இருந்தது ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். தரைக்குப் பாதி கீழே இறங்கியிருக்கும், பக்கவாட்டில் தனி வாசல். மேல்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் வெயிலைத் தேடித் தெற்கே போய்விட்டார், வசந்தத்தில்தான் வருவாராம். வெயிலைத் தேடி ஒருவர் காசு செலவழித்துப் போகிறார் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் வந்தால் சும்மாவே தருவோம். எங்களுக்குப் பிழைப்பே அதுதான். வெயில் காய்ந்தால்தான் பட்டாசு காயும்.

பக்கவாட்டு வாசலுக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தளம், கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தபால்பெட்டி. அந்தப் பெட்டியைத்தான் வீடே பார்த்துக்கொண்டிருந்தது. கார்த்திகா அந்த நாட்டில் குடியிருப்பதற்கான அட்டை காலாவதியாகி, புது அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது தபாலில்தான் வரும். அது இல்லாமல் ஊருக்குக் கிளம்பினால் திரும்பி வரும்போது விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அட்டை வந்தால் தம்பி கல்யாணம், வராவிட்டால் இங்கேயே உட்கார்ந்து போனில் பார்க்க வேண்டியதுதான். பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டே கார்த்திகா தினமும் மத்தியானம் பெட்டி மூடி 'டொக்' என்று சத்தம் போடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள்.

அந்த 'டொக்' சத்தத்துக்குச் சொந்தக்காரி டோனா. ஐம்பதைத் தாண்டிய வயது. தோளில் குறுக்காகப் பை, தலையில் காது மூடும் குல்லாய், கண் இமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்துபோய் வருவாள். இடது கையில் கடிதக் கட்டு, வலது கை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வரும். விரலுக்குத் தாள் பிடிபட வேண்டும் என்று கையுறையின் நுனியை வெட்டிவிட்டிருந்தாள். தெருவில் நாய்கூட இறங்காத குளிர் அது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிடு போடுவேன். அவள் கடிதக் கட்டை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவாள்.

எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவரும் தம்பியை நினைத்துக்கொள்வேன். சித்திரை வெயிலில் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் வருவான். நேரே கோலத்தின் மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்தி, "யத்தே, ரிஜிஸ்தர் வந்திருக்கு, கையெழுத்துப் போட வாங்க!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடுவான். கம்பெனிக்கு வந்தால் மட்டும் கேட்டிலேயே போனைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்து வருவான். டோனா எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் நடந்தாள்.

சுப்புத்தாய் வந்த இரண்டாம் நாளே அந்தச் சிமெண்டுத் தளத்தைக் கைப்பற்றிவிட்டாள். பிரபு பனியைத் தள்ளிவிட்டுப் போனதும் பெருக்கிவிட்டுச் சின்னதாக ஒரு கோலம். வெள்ளைப் பொடி போட்டால் பனிக்கும் பொடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சிவப்பில் போட்டாள். "விடிஞ்சா வாசல் மூளியாக் கிடந்தா எனக்குக் காப்பி எறங்காது" என்பாள். தண்ணீர் தெளிக்காமல் கோலம் போடுகிறோமே என்ற குறை மட்டும் அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது.

மார்கழி பிறந்தது. அன்றைக்குப் பார்த்து, தளம் முழுக்க உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. பனி உருக அந்த ஊர்க்காரர்கள் உப்பைக் கொட்டுகிறார்கள். மார்கழி முதல் நாள் அந்த நிலையில் வாசலைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பச்சைத் தண்ணீர் உறைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் குழாயில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைப் பிடித்து ஒரு வாளி ஊற்றிக் கழுவிவிட்டாள். ஈரத்தோடு ஈரமாக நடுவில் புள்ளி வைத்து, மூன்று கலரில் பெரிய தாமரைக் கோலம் ஒன்றைப் போட்டு முடித்துவிட்டு, விரல் மரத்துப்போய் உள்ளே வந்தாள்.

"வெந்நி எப்புடிங்க உறையும்?" என்று பிற்பாடு என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. என்னிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால் நானும் வெந்நீர் உறையாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் 'டொக்' சத்தம் கேட்கவில்லை. 'தொப்' என்று கேட்டது.

கதவைத் திறந்தேன். டோனா தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கடிதங்கள் பனியில் இறைந்து கிடந்தன. அவள் வலது கை மணிக்கட்டில் சரியாக இல்லை, பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ கைகளைப் பார்த்தவன் நான். அவள் அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நனைந்துவிடும், நனைந்துவிடும்" என்று அவள் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் சுப்புத்தாயும் பொறுக்கிக் கொடுத்தோம். எதிர்வீட்டு ஸ்டீவ் மண்வாரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஓய்வு பெற்ற மனுஷர், தெரு முழுக்கப் பனி தள்ளுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அவர்கள் போனபிறகு சுப்புத்தாய் குனிந்து தளத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கண்ணாடி. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நான் ஊத்துன தண்ணிங்க" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை. நான் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். கார்த்திகா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அப்பா, இது நம்ம ஊரு இல்லப்பா. இங்க மன்னிப்புக் கேட்டா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிரும். தண்ணி ஊத்துனோம்னு வாயால சொல்லிட்டா கேஸ் போட்டுருவாங்க. வீட்டுக்காரரு எங்களத் தெருவுல நிறுத்திருவாரு. பச்சப் பிள்ளய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

பிரபுவும் தலையை ஆட்டினார். "யாராச்சும் கேட்டா பனி பெஞ்சுது, உறைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க மாமா. பாதிக்குப் பாதி உண்மைதான?"

அவர்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அடுத்தவர் நாடு, சட்டம் தெரியாது, பிள்ளைகளின் பிழைப்பு. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் யாருக்காவது அடிபட்டால், முதலாளி வருவதற்கு முன்னால், போலீஸ் வருவதற்கு முன்னால், போர்மேன் அந்த ஆளின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். திட்டுவார்கள், சில வேளை மண்ணை வாரித் தூற்றுவார்கள். நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி நிற்காத போர்மேனை நம்பி மறுநாள் யாரும் தன் வீட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பமாட்டார்கள். சிவகாசி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற நிலைகளை எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. இங்கே ஒரு கை ஒடிந்ததற்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு காராச்சேவு தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் வேறு ஒரு தபால்காரர் வந்தார். இளவயசுக்காரர், வேகமான நடை. எங்கள் பெட்டிப் பக்கமே திரும்பாமல் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். கார்த்திகா போன் போட்டு விசாரித்ததில், அட்டையை அனுப்பிப் பல நாள் ஆகிவிட்டது என்றார்கள். சாதாரணக் கடிதமாகப் போட்டதால் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதாம். புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. மகள் ஒரு நாள் பெட்டி அடுக்குவாள், மறுநாள் பிரித்து வைப்பாள். முத்துராஜ் ராத்திரி போனில், "அக்கா இல்லாம நான் மணவறைல உக்கார மாட்டேன், தேதிய மாத்துங்க" என்று மல்லுக்கு நின்றான். மண்டபத்துக்காரர் மாற்றிக் கொடுப்பாரா?

பக்கத்தில் படுத்திருந்த சுப்புத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மா கைய ஒடச்சுப்புட்டு நம்ம வீட்டுக்கு எப்புடிங்க கல்யாண யோகம் வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. "அட்ட வராததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கிறுக்கி!" என்று அதட்டினேன். சம்பந்தம் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்டீவிடம் போய் டோனா எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். அவரும் அவளும் ஒரே தேவாலயமாம். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே எல்லோருக்கும் சாப்பாடு உண்டு, நான்தான் சமைக்கிறேன், வாருங்கள்" என்றார். பஸ் எண்ணையும் சொன்னார்.

ஞாயிறு காலையில் சுப்புத்தாய் பட்டுச்சேலை கட்டி, அதற்கு மேல் மருமகனின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு நின்றாள்.

"எங்கம்மா கெளம்பிட்டீக?" என்றாள் மகள்.

"கோயிலுக்குத்தேன்."

"இங்க ஏதும்மா பக்கத்துல கோயிலு?"

"இருக்கு. ஒங்க அப்பாவுக்குத் தெரியும்." கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பஸ் வந்தது, எண் சரி, ஏறி உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் வீடுகள் எல்லாம் முடிந்து வெறும் வெள்ளைக் காடு வந்துவிட்டது. கடைசி நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஓட்டுநர் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியர். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். ஊர் ஞாபகத்தில் சாலையின் இடது பக்கம் நின்று ஏறியிருக்கிறோம். அங்கே வண்டிகள் வலது பக்கமாக ஓடுகின்றன. அப்படியே நேர் எதிர்த் திசையில் வந்து சேர்ந்துவிட்டோம்.

"நானும் வந்த புதிதில் இப்படிப் போயிருக்கிறேன் பாய்சாப்" என்று இந்தியில் சொன்னார். கீழே இறக்கிவிடவில்லை. இஞ்சினை ஓடவிட்டு எங்களைச் சூட்டிலேயே உட்காரவைத்து, தன் குடுவையிலிருந்து ஏலக்காய் டீயை ஊற்றிக் கொடுத்தார். சுப்புத்தாய் பொட்டலத்தைப் பிரித்து அவருக்குக் கொஞ்சம் காராச்சேவு கொடுத்தாள். அவர் காரத்தில் கண் கலங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். திரும்பி வரும்போது தேவாலயத்துக்கு நேர் எதிரே நிறுத்தி, நாங்கள் சாலையைக் கடக்கும்வரை காத்திருந்து போனார்.

கூடத்தில் நீள நீள மேசைகள். பீட்ரூட் சூப் வாசனை. நம் ஊரில் பீட்ரூட்டை வதக்குவார்கள், சூப்பாகக் குடித்து நான் பார்த்ததில்லை. கோடியில் டோனா உட்கார்ந்திருந்தாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு, இடது கையால் கரண்டி பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன பேசுவது என்று பஸ்ஸிலேயே இங்கிலீஷில் கட்டி வைத்திருந்தேன். அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் சுப்புத்தாய் விறுவிறுவென்று போய் அந்த மாவுக்கட்டுக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"தாயி, பனி ஒண்ணும் பண்ணல. நாந்தேன் வெந்நிய ஊத்திக் கழுவுனேன். மார்கழி மாசம், வாசல் அசிங்கமாக் கெடக்கேன்னு ஊத்துனேன். உறையும்னு தெரியாது தாயி. எம் பிள்ளைக மேல கோவிச்சுக்கிராதீக. தண்டன குடுக்கணும்னா எனக்குக் குடுங்க."

டோனா என்னைப் பார்த்தாள். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பாதிக்குப் பாதி உண்மை என்று மருமகன் சொன்னது ஞாபகம் வந்தது. எப்படி வேண்டுமானாலும் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கலாம், இருவருக்கும் தெரியப்போவதில்லை. முழுசையும் சொன்னேன்.

டோனா இடது கையால் தன் போனை எடுத்துத் தடவித் தடவி ஒரு படத்தைக் காட்டினாள். எங்கள் வாசல் கோலம். அடுத்த படமும் எங்கள் வாசல் கோலம். சுப்புத்தாய் போட்ட ஒவ்வொரு நாள் கோலமும் அதில் இருந்தது.

"நான் நடக்கிற வழியில் எல்லாமே வெள்ளை. தெரு வெள்ளை, கூரை வெள்ளை. உங்கள் வாசலுக்கு வந்தால்தான் ஒரு நிறம்" என்றாள். "அதை மிதிக்க எனக்கு மனசு வராது. தினமும் ஓரமாகச் சுற்றித்தான் பெட்டிக்குப் போவேன். அன்றைக்குப் பெரிய பூ, ஓரத்தில் கால் வைக்கக்கூட இடமில்லை. நுனியில் கால் வைத்தேன், போய்விட்டது. பூ மேலேயே மிதித்து நடந்திருந்தால் அந்தப் பொடி சொரசொரப்புக்கு விழுந்திருக்கவே மாட்டேன்."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சுப்புத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி எஞ் சாமி! மிதிக்கத்தான தாயி போடுறது! எங்க ஊர்ல ஆடு மாடு மிதிக்கும், வண்டி ஏறும், போறவுக வர்றவுக அம்புட்டுப் பேரும் மிதிப்பாக. நீங்க மட்டும் எதுக்குத் தாயி சுத்திப் போனீக?" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே டோனாவின் கரண்டியை வாங்கி, சூப்பை ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் டோனா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டீவ் பக்கம் திரும்பி பீட்ரூட் சூப் பிரமாதம் என்றேன்.

கேஸ் பற்றி நானே கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். வேலையில் அடிபட்டால் அதற்கென்று ஏற்பாடு இருக்கிறதாம், சம்பளமும் வைத்தியமும் நடக்கும், யார் மேலும் வழக்குப் போடும் எண்ணம் தனக்கு இல்லை என்றாள். அப்புறம்தான், "உங்கள் மகளின் கடிதங்கள் ஒழுங்காக வருகின்றனவா?" என்று கேட்டாள்.

ஒன்றுமே வரவில்லை என்று சொல்லி, அட்டை விஷயத்தையும் கல்யாணத்தையும் சொன்னேன். டோனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேல்வீட்டுச் சொந்தக்காரர் தெற்கே போகும்போது, திரும்பி வரும்வரை இந்த வீட்டு எண்ணுக்கு வருகிற தபாலையெல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கீழே தனியாக ஒரு குடும்பம் இருப்பது டோனாவுக்குத் தெரியும், அதனால் எங்கள் கடிதங்களைப் பிரித்து எடுத்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். புதிதாக வந்தவருக்கு அது தெரிய வழியில்லை. எங்கள் பெட்டியில் பெயரும் ஒட்டவில்லை. வசந்தம்வரை அட்டை தபால் அலுவலக அலமாரியிலேயே கிடந்திருக்கும். நாங்கள் பயந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால், யாரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கார்த்திகா முதலில் கத்தினாள், பிறகு அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டாள். பிரபு ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டினார். நான் ஸ்டீவிடம் ஒரு வாளி மணல் வாங்கிவந்து தளம் முழுக்கத் தூவினேன். வாளியில் மணல் தூக்கி நடந்தபோது தீ அணைக்க மணல் வாளி வைத்திருக்கும் எங்கள் கம்பெனியில் நடப்பது போலவே இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே டோனா அலுவலகத்துக்குப் போன் பண்ணிவிட்டாள். மத்தியானம் அந்த இளவயசுக்காரர் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். சுப்புத்தாய் தண்ணீர் இல்லாமல் கோலம் போட்டிருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு காலைத் தூக்கியபடி தயங்கி நின்றார். ஜன்னலில் நின்ற சுப்புத்தாய் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள்.

"மிதிங்க ராசா! மேலயே மிதிங்க! ஓரத்துல போகாதீக!" என்று கத்திக்கொண்டே தானே கோலத்தின் மேல் ஏறிக் குதித்துக் குதித்துக் காட்டினாள். பாவம், அவர் அரண்டுபோய்விட்டார். ஆனாலும் நடுக் கோலத்தை மிதித்து வந்து கட்டைக் கொடுத்தார். இரண்டாவது உறையில் அட்டை இருந்தது.

கார்த்திகா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்துப் பேரனும் அழுதான். அன்றைக்கு எங்கள் வீட்டில் அழாதவர் பிரபு ஒருத்தர்தான். அவரும் வெங்காயம் நறுக்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

தை மாதக் கடைசியில் விருதுநகர் மண்டபம். சொந்தபந்தம் பூராவும் வந்திருந்தது, எம். புதுப்பட்டியிலிருந்து கம்பெனி வேன் வைத்து வந்திருந்தார்கள். கெட்டிமேளம் முழங்க முத்துராஜ் முதல் முடிச்சைப் போட்டான். கார்த்திகா குனிந்து மற்ற முடிச்சுகளைப் போட்டாள். பேரன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மண்டபம் முழுக்க அட்சதை பறந்தது.

சுப்புத்தாய் மட்டும் போடவில்லை. மூடிய கையில் அரிசியை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அந்தம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சான்னு கேட்டேங்க!"

"பிரிச்சாச்சு! காலைல சேதி வந்துச்சு. கை நல்லாருச்சு, திங்கக்கெழம வேலைக்குப் போறாகளாம்!" என்று நான் கத்தினேன்.

அதற்கப்புறம்தான் அவள் மகன் தலையில் அட்சதையைப் போட்டாள்.